பூச்சிக்கு அடித்ததும் கண்ணுக்கு விட்டதும்

1958 ஏப்ரலில் கேரளத்தில் கோதுமை மாவில் செய்த பண்டங்களைத் தின்ற குடும்பங்கள் வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்தன. வாயில் நுரை, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விசாரித்ததில், அந்த மாவும் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் பம்பாயிலிருந்து கொச்சிக்கு ஒரே கப்பலில் வந்தது தெரிந்தது. வழியில் மருந்து கசிந்து மாவில் இறங்கியிருந்தது. ஃபாலிடாலின் உட்பொருள் பாரத்தியான். மெட்ராஸ் மாநிலத்திலும் ஆட்கள் பாதிக்கப்பட்டதால், இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து மத்திய அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஜே. சி. ஷா. பின்னாளில் நெருக்கடி நிலைக் காலத்து அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனை நடத்தியவரும் இவர்தான். இன்று நாட்டில் பூச்சிமருந்து தயாரிப்பதையும் விற்பதையும் அடிப்பதையும் கட்டுப்படுத்தும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தச் சாவுகள்தான் முதல் காரணம்.

பாரத்தியான் குலத்தைச் சேர்ந்த சரக்குகளில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அப்பா பூச்சிமருந்து அடிக்கிறவர். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோல் நாற்றம் வேண்டாமென்று அப்பா வேறு வேலை தேடினார். ஓர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து கைப்பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டார். பகலில் தானியக் கிடங்குகள், இரவில் ஓட்டல்கள். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மெஸ்களும் ஓட்டல்களும் கடைசிப் பந்தி முடிந்து கதவைச் சாத்திய பிறகு, பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடுப்பு மேடையின் அடியிலும் மோரி என்னும் கழுவுமிடத்தின் ஓரங்களிலும் கரப்பானுக்கு அடிப்பார். சினிமாக் கொட்டகை நாற்காலிகளில் மூட்டைப்பூச்சிக்கு அடிப்பார். நுவான், டிக்-20, மாலத்தியான் என்ற பெயர்களெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்கு முன்பே எனக்குப் பாடம். பூண்டு அழுகியது மாதிரி ஒரு வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். அம்மா அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறப்போடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்து அவள் செய்ததில்லை.

சில இரவுகளில் வந்ததும், "வெளக்கு என்னட்டி மங்கலா எரியுது?" என்று கேட்பார். விளக்கு நன்றாகத்தான் எரியும். அவர் கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கியிருக்கும். நெற்றி விண்ணென்று தெறிக்கிறது என்பார், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படுத்தால் காலையில் சரியாகிவிடும்.

அதே கோலியில், அந்த ஒற்றை அறையில், அதே நாற்பது வாட் பல்பின் கீழ், ஆச்சிக்கும் பாப்பா கடுகளவுதான். அவளுக்குக் கண் அழுத்த நோய். கிளாக்கோமா என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். பைலோகார்ப்பின் சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நாலு வேளை விடவேண்டும். விட்டுவிடுவது என் வேலை. "புருவத்துக்கு மேல இழுக்குதுல்லா, பொழுது சாஞ்சா ஒண்ணுமே தெரியலட்டி" என்று ஆச்சி ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அப்பாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே குறையைச் சொல்வதை நான் அப்போது தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகு மருந்தாளுநர் படிப்புப் படித்து, ஒரு பொது மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பணி ஓய்வு பெறும்வரை மருந்துப் புட்டிகளின் நடுவிலேயே இருந்துவிட்டேன். பூச்சிக்கு அடிப்பதும் கண்ணுக்கு விடுவதும் ஒரே வரலாற்றின் இரண்டு கிளைகள் என்பது அங்கேதான் விளங்கியது. இந்த வரலாற்றைத் துண்டு துண்டாகத்தான் எழுதுகிறார்கள். கண் மருத்துவ நூல்கள் ஒரு துண்டையும் வேளாண் நூல்கள் ஒரு துண்டையும் எடுத்துக்கொள்கின்றன. நடுவில் நின்று இரண்டையும் உடம்பில் வாங்கியவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

இதன் தொடக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் கலபார் ஆற்றங்கரையில். அங்குள்ள எஃபிக் மக்கள், குற்றம் சாட்டப்பட்டவரைக் கொண்டு ஒரு கொடியின் கொட்டையைத் தின்ன வைப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. பாதிரிமார்கள் அந்தக் கொட்டையை எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். 1855இல் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற மருத்துவப் பேராசிரியர் அதைத் தானே கடித்துத் தின்று பார்த்தார். கைகால் துவண்டுபோகவே, முகம் மழிக்க வைத்திருந்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்து உயிர் பிழைத்தார். அதே ஊரில் தாமஸ் ஃபிரேசர் அந்தக் கொட்டையை முறையாக ஆராய்ந்தார். அவருடைய நண்பர் ஆர்கைல் ராபர்ட்சன் 1863இல் அதன் சாற்றைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, பாப்பா சுருங்குவதை எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே அதன் சத்தைப் பிரித்தெடுத்து ஃபைசோஸ்டிக்மின் என்று பெயரிட்டார்கள். எசரின் என்பதும் அதற்கே பெயர். ஸ்ட்ராஸ்பர்கில் லுட்விக் லாகர் என்ற கண் மருத்துவர் 1876இல் அதைக் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கத் தொடங்கினார். அவருக்கே அந்த நோய் இருந்தது. அதுவரை அந்த நோய்க்குக் கத்தியைத் தவிர வழி இல்லை. அதே ஆண்டுகளில்தான் பிரேசில் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து ஆச்சியின் பைலோகார்ப்பினும் வந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். நரம்பு தசையை ஏவும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. ஏவல் முடிந்ததும் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி வந்து அதை உடைத்துப்போடும். உடைத்தால்தான் தசை ஓயும். ஃபைசோஸ்டிக்மின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. ஏவல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குள் மட்டும் இது நடந்தால் பாப்பா சுருங்குகிறது, உள்தசை இறுகி இழுத்து வடிகால் திறக்கிறது, தேங்கிய நீர் வெளியேறி அழுத்தம் இறங்குகிறது. உடம்பு முழுக்க நடந்தால் எச்சில், வியர்வை, கழிச்சல், கடைசியில் மூச்சு நின்றுபோகும். பூச்சிக்குள் நடந்தால் நரம்பு முடிச்சுகள் வெறிபிடித்தாற்போல் துடித்து, துடிப்பிலேயே அது சாகிறது. பைலோகார்ப்பின் மட்டும் நொதியைத் தொடாமல், தானே அசிட்டைல்கோலின் வேடம் போட்டுத் தசையை ஏவும். பாதை வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

அதே நொதியை முடக்கும் பாஸ்பரஸ் சேர்மங்களின் கிளை ஜெர்மனியில் முளைத்தது. பாரத்தியானும் இந்தக் கிளைதான். 1932இல் பெர்லினில் வில்லி லாங்கேயும் அவர் மாணவி கெர்டா ஃபான் க்ரூகரும் புதிய பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அதன் ஆவி பட்டது. மூச்சு முட்டியது, வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசி வலித்தது. அதை அப்படியே தங்கள் கட்டுரையில் குறித்து வைத்தார்கள். 1936 டிசம்பரில் லெவர்குசனில் கெர்ஹார்டு ஷ்ராடர் செடிப்பேனுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் செய்த ஒரு சேர்மத்தின் ஆவி பட்டு அவருக்கும் உதவியாளருக்கும் பாப்பா சுருங்கி, பார்வை மங்கி, தலை வலித்தது. அந்தச் சேர்மத்தை ராணுவம் எடுத்துக்கொண்டு டாபூன் என்று பெயர் வைத்தது. உலகின் முதல் நரம்பு நச்சு வாயு அது. ஷ்ராடர் விடாமல் பூச்சிமருந்துப் பக்கமே தேடி 1944இல் பாரத்தியானைச் செய்தார். 1958இல் கேரளத்து மாவில் கலந்தது அதுதான்.

இந்த ஜெர்மன் குறிப்புகளைப் படித்தபோதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான். இந்தச் சேர்மங்களின் வரலாற்றில் முதல் அடையாளம் எப்போதும் கண்ணில்தான் தெரிந்திருக்கிறது. பெர்லின் ஆய்வகத்தில் கண்ட குறி, தாராவியில் ஓர் ஆள் "வெளக்கு மங்கலா எரியுது" என்று சொன்னதற்குள்ளும் இருந்தது. அங்கே அது கட்டுரையானது, இங்கே சுக்குக் காப்பியோடு முடிந்தது.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் பெர்னார்டு சாண்டர்ஸ் குழுவினர், லாங்கேயின் சேர்மத்துக்கு உறவான டிஎஃப்பி என்பதைப் போருக்காக ஆராய்ந்தார்கள். வாயு நிரப்பிய அறைக்குள் அவர்களே போய் நின்று பார்த்தார்கள். பாப்பா சுருங்கியது சுருங்கியபடியே நாள்கணக்கில் நின்றது. போர் முடிந்த கையோடு, 1946இல், அமெரிக்க மருத்துவர்கள் லியோபோல்டும் காம்ரோவும் அதைக் கடலை எண்ணெயில் கரைத்துக் கண் அழுத்த நோயாளிகளுக்குச் சொட்டு மருந்தாக விட்டார்கள். 1960ஐ ஒட்டி எக்கோத்தியோஃபேட் என்ற இன்னொரு பாஸ்பரஸ் சேர்மம் வந்தது. பைலோகார்ப்பினை நாலு வேளை விடவேண்டும். இது ஒருவேளையோ இருவேளையோ போதும், ஏனென்றால் பாஸ்பரஸ் ஒட்டிக்கொண்ட நொதி எளிதில் மீளாது. ஆனால் கண்புரை வளர்க்கிறது என்பது 1960களின் நடுவிலேயே தெரிந்துபோயிற்று. 1978இல் டிமலால் வந்தபிறகு இவையெல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

மறுகிளை நேர் எதிர்த்திசையில் ஓடியது. கண்ணுக்கு விட்ட கொட்டைச் சத்தைப் பார்த்துப் பூச்சிமருந்து செய்தார்கள். ஃபைசோஸ்டிக்மின் ஒரு கார்பமேட் சேர்மம் என்பதை 1920களில் ஸ்டெட்மன் காட்டியிருந்தார். அதைச் செயற்கையாகவே செய்து 1935இல் வெளியிட்டவர் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின அமெரிக்க வேதியியலாளர். நிறவெறி கோலோச்சிய நாட்டில் அந்த வேலையைச் செய்துகாட்டினார். கொட்டைச் சத்து பூச்சியை நேரடியாகக் கொல்லாது. அதில் மின்னேற்றம் உண்டு, பூச்சியின் நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைத் தாண்டிப் போகாது. கலிபோர்னியாவில் ராபர்ட் மெட்காஃபும் கூட்டாளிகளும் அந்த மின்னேற்றத்தை நீக்கி, கொழுப்பில் கரையும் உறவினர்களைச் செய்து 1954இல் வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனி அதே தடத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. 1950களின் கடைசியில் யூனியன் கார்பைடின் கார்பரில், பாயரின் ப்ரோபாக்சர், அடுத்த பத்தாண்டில் கார்போஃப்யூரான். கார்பரிலுக்கு இந்தியாவில் செவின் என்று பெயர். ப்ரோபாக்சரை நாம் பேகான் என்றும் கார்போஃப்யூரானை ஃப்யூரடான் குருணை என்றும் அறிவோம். செவின் செய்வதற்காக போபாலில் தேக்கி வைத்திருந்த மீத்தைல் ஐசோசயனேட்தான் 1984 டிசம்பர் 2 இரவு கசிந்தது. யூனியன் கார்பைடுக்கு எங்கள் உறவினர்கள் இருந்த செம்பூருக்குப் பக்கத்தில் டிராம்பேயிலும் ஒரு காலத்தில் பெட்ரோ கெமிக்கல் ஆலை இருந்தது. போபாலுக்குப் பிறகு செம்பூர் உறவினர்கள் ராத்திரி காற்றில் கொஞ்சம் வாடை அடித்தாலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள்.

பம்பாய் இந்த வரலாற்றில் வெறும் துறைமுகமாக மட்டும் இருக்கவில்லை. 1933 அக்டோபரில் பம்பாய் பல்கலைக்கழகம் தொடங்கிய வேதியியல் தொழில்நுட்பத் துறை பிறகு மாட்டுங்காவுக்கு வந்தது. யுடிசிடி என்று எல்லோரும் சொல்வார்கள், இன்று ஐசிடி. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன், 1938 முதல் 1957 வரை. சாயத்தில் உலகப் பெயர் பெற்ற அவர் காலத்தில் அங்கே படித்தவர்கள் நாட்டின் மருந்து, சாய, பூச்சிமருந்து ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1963இல் சீபா கம்பெனி கோரேகாவில் ஆராய்ச்சி மையம் திறந்தபோது தலைமைக்கு வந்தவரும் ஒரு சென்னைக்காரர், மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரி. சீபாதான் நுவானின் தாய்வீடு. கோவிந்தாச்சாரியின் வேலை செடிச் சத்துகளில். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் சென்னையில் ஸ்பிக் ஆய்வு நிலையத்தில் வேப்பங்கொட்டையின் அசாடிராக்டினைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அது கோலினெஸ்டெரேஸைத் தொடாது. பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் செய்யும். இந்த நகரத்தில் ஆய்வகத்தின் உயரத்திலும் தமிழர் இருந்தார்கள், பம்பு பிடிக்கும் தாழ்விலும் தமிழர் இருந்தார்கள். நடுவில் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

கொசுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பாயின் மலேரியாவுக்கு வீட்டுக் கிணறுகள்தான் காரணம் என்று 1911இலேயே பென்ட்லி அறிக்கை எழுதினார். ஸ்டீபன்சி என்ற கொசு சுத்தமான தண்ணீரில் முட்டை இடும். கிணறுகளை மூடினார்கள், மொட்டைமாடித் தொட்டிகள் வந்தன, கொசு தொட்டிக்கு ஏறியது. நாடு முழுக்க டிடிடி அடித்ததில் 1965 வாக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சமாகக் குறைந்த மலேரியா, 1976இல் 64 லட்சமாகத் திரும்பியது. கொசு டிடிடிக்குப் பழகிவிட்டிருந்தது. அந்த இடத்துக்குத்தான் பாஸ்பரஸ் சேர்மங்கள் வந்தன. சுவருக்கு மாலத்தியான், தண்ணீருக்கு டெமிஃபாஸ். தமிழ்நாட்டில் டெங்கு வந்தால் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும் அபேட் மருந்து அதுதான். இவை இரண்டும் பாரத்தியானோடு ஒப்பிட்டால் மிகச் சாது. மாலத்தியானை நம் ஈரல் சீக்கிரம் சிதைத்துவிடும், பூச்சியால் முடியாது. அளந்து ஊற்றிய அபேட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் நான் இன்றும் சொல்கிறேன். கொசு எதிலும் சாது இல்லை, மலேரியா குழந்தையைக் கொல்லும்.

நுவானும் டிக்-20யும் அப்படிச் சாது அல்ல. மருத்துவமனையில் என் பணிக்காலம் முழுக்க, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அட்ரோப்பின் ஆம்பியூல் கேட்டுச் சீட்டு வராத வாரம் இருந்ததாக நினைவில்லை. வீட்டில் சண்டை, கடன், பரீட்சை முடிவு. மூட்டைப்பூச்சிக்கென்று அலமாரியில் இருந்ததை எடுத்துக் குடித்துவிட்டு வருவார்கள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பாப்பா ஊசிமுனை மாதிரி இருக்கும். அட்ரோப்பின் நொதியை மீட்காது. அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு காப்பாற்றும். நுரையீரலில் நீர் வற்றும்வரை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நோயாளிக்கே பெட்டி பெட்டியாகப் போகும். பிராலிடாக்சைம் கொஞ்சம் நொதியை மீட்கும், அதுவும் சீக்கிரம் வந்தால்தான். அதே அட்ரோப்பின் கண் அழுத்த நோயாளிக்கு ஆகாது, பாப்பாவை விரித்து அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஒரே அலமாரியில் மேல்தட்டில் பைலோகார்ப்பின், கீழ்த்தட்டில் அட்ரோப்பின் வைத்திருந்தேன். ஒன்று மற்றதை அவிழ்க்கும்.

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எக்கோத்தியோஃபேட் சொட்டு மருந்தோடு வரும் எச்சரிக்கைத் தாள். இந்த மருந்தை விட்டுக்கொள்பவர்கள் பாஸ்பரஸ், கார்பமேட் பூச்சிமருந்துகளோடு புழங்குகிறவர்களாக இருந்தால், அதாவது தோட்டக்காரர், உழவர், பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளி என்றால், முகக்கவசம் போடவேண்டும், அடிக்கடி கழுவவேண்டும், உடை மாற்றவேண்டும் என்று அதில் இருக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது சக்சினைல்கோலின் கொடுப்பவரிடம் இதைச் சொல்லவேண்டும் என்றும் இருக்கிறது, ஏனென்றால் தசையைத் தளர்த்தும் அந்த மருந்தை உடைக்கும் நொதியும் குறைந்திருக்கும், மூச்சு திரும்பத் தாமதமாகும். கண்ணில் விட்ட ஒரு சொட்டு உடம்பெல்லாம் போய்ச் சேரும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய தாள் அது. கண் நோயாளிக்கு இவ்வளவு கரிசனம் காட்டியது சரியே. அப்பா விட்டுக்கொண்டது சொட்டு அல்ல. தோளில் தொங்கிய கைப்பம்பு நிறைய, மூடிய சமையலறைக்குள், ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு. அவருக்கு அப்படி ஒரு தாளை யாரும் தந்ததில்லை.

தொழிலாளிக்கான பாதுகாப்பு சட்டத்தில் இல்லாமலும் இல்லை. 1968 சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகளில், பூச்சிமருந்தோடு வேலை செய்கிறவர்களை வேலைக்கு எடுக்கும்போதும் பிறகு அவ்வப்போதும் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று இருக்கிறது. பாஸ்பரஸ், கார்பமேட் சரக்கு என்றால் இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்க்கவேண்டும் என்பதும் அதில் சேரும். கலிபோர்னியா 1974இலேயே இந்தச் சோதனையைத் தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக்கியது. நொதி ஓரளவுக்குக் கீழே இறங்கினால் ஆளை மருந்தோடு புழங்கவிடக் கூடாது, ஏறிய பிறகுதான் திரும்ப அனுப்பவேண்டும். சாதாரண இரத்தச் சோதனைதான், பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. அப்பாவின் கையில் அதற்காக ஒரு தடவைகூட ஊசி குத்தப்படவில்லை. அவரோடு பம்பு பிடித்தவர்கள் யாரும் அப்படி ஒரு சோதனையைக் கேள்விப்பட்டதும் இல்லை. வயதான காலத்தில் அப்பாவின் விரல்கள் நடுங்கின, ராத்திரித் தூக்கம் போனது. அது இந்த வேலையால் வந்ததா என்று அளந்து சொல்ல ஓர் எண்கூடப் பதிவாகவில்லை. கேரளத்தில் நூறு பேருக்கு மேல் செத்து, ஒரு நீதிபதி விசாரித்து, நாடாளுமன்றம் சட்டம் போட்டு, விதி எழுதி, அந்த விதி தாராவிக்கு வந்துசேரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. எனக்கு இதில் கோபம் உண்டு. மறைக்க விரும்பவில்லை.

கண் அழுத்தத்துக்குப் பம்பாய் தானே தந்த மருந்து ஒன்றும் இருக்கிறது. அது இந்த நொதிக் குலத்தைச் சேராதது. முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் ஆராய்ச்சி மையத்தில் 1970களில் நம் நாட்டு மூலிகைகளை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நோயல் டிசோசா, சுஜாதா பட் ஆகியோர் அடங்கிய குழு கூர்க்கன் இனச் செடி ஒன்றின் வேரிலிருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1977இல் வெளியிட்டது. செடியின் தாவரவியல் பெயரை ஒட்டி அதற்கு ஃபோர்ஸ்கோலின் என்று பெயர். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் அதே செடியிலிருந்து எடுத்துக் கோலியோனால் என்று பெயரிட்டதும் இதுவேதான் என்று பின்னால் தெரிந்தது. செல்லுக்குள் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாக எழுப்பிவிடும் குணம் அதற்கு உண்டு என்று 1981இல் கண்டார்கள். அதுமுதல் உலகத்து உயிர்வேதியியல் ஆய்வகங்களெல்லாம் அதை வாங்கின. 1983இல் காப்ரியோலியும் சியர்ஸும், முயல், குரங்கு, மனிதர் மூவரின் கண்ணிலும் அது அழுத்தத்தைக் குறைக்கிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். ஃபைசோஸ்டிக்மின் வடிகாலைத் திறக்கும், இது நீர் சுரப்பதையே குறைக்கும். பாப்பா சுருங்காது, பொழுது சாய்ந்தால் கண் மங்காது. ஆச்சி கேட்டது அதைத்தானே. தண்ணீரில் எளிதில் கரையாத பொருள் என்பதால் சொட்டு மருந்தாக்குவது கடினமாக இருந்தது, டிமலாலும் அதற்குள் சந்தையைப் பிடித்துவிட்டது. பெங்களூரு நிறுவனம் ஒன்று பிறகு 1 விழுக்காடு சொட்டு மருந்தாக இந்தியாவில் கொண்டுவந்தது. ஜப்பானில் கரையக்கூடிய வடிவம் ஒன்று 1999இல் இதய மருந்தாக அனுமதி பெற்றது. மிச்ச வேர் முழுவதும் உடல் இளைக்க விற்கும் மாத்திரைகளுக்காகக் கப்பலேறுகிறது.

அந்த வேர் இன்று அதிகம் விளைவது சேலம், ஆத்தூர் பக்கம். மருந்துக் கூர்க்கன் என்கிறார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த வயல்களைப் போய்ப் பார்த்தேன். கம்பெனி ஒப்பந்தம், தண்டுத்துண்டு நட்டு ஆறு மாதத்தில் வேரைத் தோண்டிச் சீவிக் காயவைக்கிறார்கள். அதற்குப் பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. நூற்புழு துளைத்த வேரில் அழுகல் பூஞ்சை புகுந்து வயலே வாடிவிடுமாம். "அதுக்கு என்ன போடுவீங்கண்ணே?" என்று வயல்காரரைக் கேட்டேன். "ஃப்யூரடான் குருணைதாம்மா. வேற எதுக்கு அடங்குது?" என்றார். ஃப்யூரடான் என்றால் கார்போஃப்யூரான். கண் அழுத்தத்துக்கு முதன்முதலில் மருந்தான கலபார் கொட்டையைப் பார்த்து உருவாக்கிய குலத்தில் பிறந்தது, இப்போது கண் அழுத்தத்துக்கு மருந்து தரும் வேரைக் காவல் காக்கிறது. பயிர்ப் பரிந்துரை நூல்களிலும் அது இருக்கிறது.

நுவானின் உட்பொருளான டைகுளோர்வாஸை 2020 டிசம்பர் 31ஓடு இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். 2023இல் வந்த மத்திய அரசு ஆணை கார்போஃப்யூரானின் மற்ற வடிவங்களையெல்லாம் தடுத்துவிட்டு, 3 விழுக்காடு உறையிட்ட குருணையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஆத்தூர் வயலில் அந்த அண்ணன் குருணையை அலுமினியச் சட்டியில் மணலோடு கலந்து கையால் வீசுவதாகச் சொன்னார். கையுறை போடுவதில்லை. வீசிய நாளில் கண் மங்குமா என்று கேட்டேன். "ஆமா, கொஞ்ச நேரம் மங்கும். அது வெயிலுக்குங்க" என்றார். வெயிலால் அல்ல என்று சொன்னேன். கையுறை, சோப்பு, மாற்றுச்சட்டை எல்லாம் சொன்னேன். ஆத்தூர் அரசு மருத்துவமனையில் கோலினெஸ்டெரேஸ் சோதனை செய்வார்களா என்று கேட்டுப் பார்க்கும்படி, அந்தப் பெயரை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.